படைப்புழுவா, புரோடினியாவா? மக்காச்சோளக் காட்டில் அறிகுறி பார்த்துப் பிரித்தறியும் முறை

மக்காச்சோளக் குருத்தில் கிடந்த புழுவைப் படம் எடுத்து நான்கு பேருக்கு அனுப்பிப் பாருங்கள். இரண்டு பேர் அமெரிக்கன் படைப்புழு என்பார்கள், ஒருவர் புரோடினியா என்பார், நான்காமவர் மருந்தின் பெயரை மட்டும் அனுப்புவார். நான்கு பேரையும் குறை சொல்ல முடியாது. இரண்டும் ஒரே பேரினம், ஸ்போடாப்டெரா. முட்டைக் குவியலில் தொடங்கி மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழு வரை இரண்டுக்கும் அண்ணன் தம்பி ஜாடை.

ஸ்போடாப்டெரா லிட்டுரா இங்கேயே நெடுங்காலமாக இருப்பது. புத்தகத்தில் புகையிலை வெட்டுப்புழு என்று இருக்கும். காட்டில் புரோடினியா என்பார்கள். அது பழைய பேரினப் பெயர். விஞ்ஞானிகள் எப்போதோ மாற்றிவிட்டார்கள், உழவர்கள் மாற்றவில்லை. அமெரிக்கன் படைப்புழுவான ஸ்போடாப்டெரா ஃப்ரூஜிபெர்டா அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளில் இருந்து வந்தது. 2016ல் ஆப்பிரிக்காவில் காணப்பட்டது. 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்கா பகுதியில் மக்காச்சோளத்தில் சிக்கியது. அந்த ஆண்டே தமிழ்நாட்டு மக்காச்சோளக் காடுகளுக்கும் இலங்கைக்கும் வந்துவிட்டது. (படைப்புழு என்ற பெயர் இதற்கு முன்பு மைத்திம்னா செப்பராட்டா என்ற வேறொரு புழுவுக்கு வழங்கியது. பழைய துண்டறிக்கையில் அந்தப் பெயரைக் கண்டால் ஆண்டைப் பாருங்கள்.)

குழப்பம் வருவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். 'தலையில் ஒய் (Y என்ற ஆங்கில எழுத்து வடிவம்) இருந்தால் படைப்புழு' என்ற ஒற்றை விதியை எல்லா வயதுப் புழுவுக்கும் போட்டுப் பார்க்கிறோம். ஒவ்வொரு அடையாளத்துக்கும் ஒரு பருவம் உண்டு. அந்தப் பருவத்துக்கு முன்னும் பின்னும் அது பொய் சொல்லும். அதனால் கையில் என்ன கிடைத்திருக்கிறதோ, அதற்குரிய பகுதியில் இருந்து தொடங்குங்கள்.

தேவையானவை: 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், மெல்லிய தூரிகை, மூடியில் ஊசித்துளை போட்ட சிறு டப்பாக்கள் பத்து, வெள்ளைத் தாள். ஒரு செடியை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். காட்டுக்குள் கோணல்மாணலாக நடந்து ஐந்து இடங்களில் இருபது இருபது செடியாகப் பாருங்கள். குறைந்தது பத்துப் புழுவை வெவ்வேறு குருத்துகளில் இருந்து எடுங்கள்.

அறிகுறி: இலையில் பஞ்சு போர்த்திய முட்டைக் குவியல், புழு இல்லை

இதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. சொல்பவர் ஊகிக்கிறார். இரண்டு இனத்துத் தாய் அந்துப்பூச்சியும் வயிற்றுச் செதில்களை உதிர்த்து முட்டையைப் போர்த்தும். படைப்புழுவின் போர்வை சாம்பல் கலந்த வெளிர் நிறமாகவும், புரோடினியாவினுடையது பழுப்பு மஞ்சளாகவும் இருக்கும் என்பது பொதுவாகச் சரி. ஆனால் ஒருநாள் வெயிலும் ஒரு தூறலும் போதும், இரண்டும் ஒரே நிறமாகிவிடும். முட்டையின் குறுக்களவு படைப்புழுவுக்குச் சுமார் 0.4 மி.மீ., புரோடினியாவுக்குச் சுமார் 0.6 மி.மீ. போர்வையை விலக்கி கைலென்ஸில் இதை அளந்து முடிவெடுக்க முயல்வது வீண் வேலை.

இடம் ஓரளவு உதவும். மக்காச்சோளம், சோளம், கம்பு இலையில் இருந்தால் படைப்புழுப் பக்கம் சாயலாம். ஆமணக்கு, நிலக்கடலை, பருத்தி, புகையிலை, காலிஃபிளவர் இலையில் இருந்தால் புரோடினியாப் பக்கம். இதற்கு மேல் தெரிய வேண்டுமானால் குவியல் இருக்கும் இலைத்துண்டை வெட்டி டப்பாவில் வையுங்கள். நம் ஊர் வெப்பத்தில் படைப்புழு முட்டை இரண்டு மூன்று நாளில் பொரிந்துவிடும். பொரித்த குஞ்சுகளுக்கு இளம் இலை போட்டு வளர்த்தால் ஒரு வாரம் பத்து நாளில் பதில் தெரியும். அதுவரை காத்திருக்க முடியாதவர்கள் குவியலை நசுக்கிவிடலாம். எந்த இனமானாலும் அதில் நட்டமில்லை.

அறிகுறி: இலையில் வெள்ளைத்தாள் போன்ற சுரண்டல், பொடிப் புழு, தலையில் ஒன்றும் தெரியவில்லை

தெரியாதுதான். முதல் பருவத்தில், அதாவது பொரித்ததில் இருந்து முதல்முறை சட்டை உரிக்கும் வரை, படைப்புழுவின் தலை அகலம் சுமார் 0.35 மி.மீ., உடல் நீளம் 2 மி.மீ.க்கும் குறைவு. தலை முழுக்கக் கருப்பு. புரோடினியாக் குஞ்சின் தலையும் கருப்பே. இரண்டும் இலையின் பச்சையத்தைச் சுரண்டித் தின்று, மறுபுறத் தோலை மட்டும் கண்ணாடி மாதிரி விட்டுவைக்கும்.

இந்தப் பருவத்தில் உருவத்தை விட்டுவிட்டு நடத்தையைப் பாருங்கள். படைப்புழுக் குஞ்சுகள் சீக்கிரமே நூல் விட்டுத் தொங்கி, காற்றில் பக்கத்துச் செடிகளுக்குப் போய்விடும். சுரண்டல் பல செடிகளில் சிறு சிறு திட்டாகத் தெரியும். புரோடினியா முதல் இரண்டு மூன்று பருவம் கூட்டமாகவே மேயும். ஒரே இலை சல்லடையாகி நரம்பு மட்டும் மிஞ்சியிருக்கும், பக்கத்துச் செடி பச்சென்று நிற்கும். இது வலுவான குறிப்பு, ஆனால் தீர்ப்பு ஆகாது. பொரித்து ஒரே நாள் ஆன படைப்புழுக் கூட்டமும் கூட்டம்தான்.

நான்கைந்து புழுவை டப்பாவில் போடுங்கள். ஒரு டப்பாவுக்கு ஒன்று என்பதை மறக்க வேண்டாம். படைப்புழு தன் இனத்தையே தின்னும். மாலையில் ஐந்தை ஒன்றாகப் போட்டு வைத்தால் காலையில் கொழுத்த ஒன்றும் சில தோல் துண்டும்தான் இருக்கும். சில நாளில், உடல் ஒரு சென்டிமீட்டரைத் தொடும்போது, தலை அகலம் 1.3 மி.மீ. அளவுக்கு வந்திருக்கும். அடையாளம் பார்க்க அதுதான் சரியான நேரம்.

அறிகுறி: ஒரு சென்டிமீட்டருக்கு மேல் புழு, ஒய் தெரிகிறது அல்லது தெரிந்த மாதிரி இருக்கிறது

வேலையின் நடுப்பகுதி இதுதான். அவசரப்பட வேண்டாம்.

புழுவைத் தாளில் விட்டு, தலையை முன்பக்கம் இருந்து, வாய் கீழே இருக்கும்படி பாருங்கள். உச்சியில் இருந்து ஒரு வெளிர்கோடு இறங்கி, நெற்றியில் இரண்டாகக் கிளைத்து, வாயின் இருபுறமும் போகும். கவட்டைக் கொம்பைத் தலைகீழாகப் பிடித்தாற்போல இருக்கும். படைப்புழுவில் இது கருந்தலையில் வெள்ளையாகப் பளிச்சென்று நிற்கும்.

சிக்கல் என்னவென்றால், இந்தக் கோடு மண்டை ஓட்டின் பொருத்துவாய். இந்தக் குடும்பத்துப் புழுக்கள் எல்லாவற்றுக்கும் அது உண்டு. புரோடினியாவிலும் பச்சைக் காய்ப்புழுவிலும் மங்கலாகத் தெரியும். நல்ல வெளிச்சத்தில் மங்கலே தெளிவாகிவிடும். செல்போன் கேமரா மாறுபாட்டைக் கூட்டிக் காட்டும்போது இன்னும் மோசம். மறுபக்கமும் ஒரு பொறி உண்டு. சட்டை உரித்த சில மணி நேரத்துக்குப் படைப்புழுவின் தலை வெளுத்து, கோடு காணாமல் போகும். தலை உடலைவிட வெளிறிப் பெரிதாகத் தெரிந்தால் அது புதிதாக உரித்த புழு. மறுநாள் பாருங்கள்.

ஆகவே தலையை முதல் சாட்சியாக மட்டும் வைத்துக்கொண்டு வாலுக்குப் போங்கள். முதுகில், எட்டாவது வயிற்றுக் கண்டத்தில் (கண்டம் என்பது உடலின் ஒரு வளையம்), நான்கு கரும்புள்ளிகள் சதுரத்தின் நான்கு மூலை போல இருந்தால் படைப்புழு. மற்றக் கண்டங்களிலும் நான்கு புள்ளி உண்டு. ஆனால் அவை முன்னே நெருங்கிப் பின்னே அகன்று சரிவகமாக நிற்கும். எட்டாவதில் மட்டும்தான் சதுரம், புள்ளிகளும் அங்கே பெரியவை.

எட்டாவது கண்டம் எது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். முன்னால் இருந்து எண்ணாதீர்கள். புழுவைப் பக்கவாட்டில் திருப்புங்கள். வாலின் கடைசியில் இலையைப் பிடிக்கும் ஒரு சோடிப் போலிக்கால் இருக்கும். அது பத்தாவது கண்டம். அதற்கு முன்னால் இருக்கும் குட்டையான கண்டம் ஒன்பது. அதற்கும் முன்னால் சற்றே மேடிட்டு இருப்பது எட்டு. சரிபார்க்க இன்னொரு வழி: வயிற்றின் நடுவில் நான்கு சோடிப் போலிக்கால்கள் மூன்று முதல் ஆறு வரையான கண்டங்களில் இருக்கும். அவற்றின் கடைசிச் சோடியில் இருந்து பின்னோக்கி ஒரு வெறுங்கண்டம் ஏழு, அடுத்தது எட்டு. உடலின் பக்கவாட்டில் வரிசையாக இருக்கும் சுவாசத் துளைகளில் கடைசித் துளையும் எட்டாவதில்தான். மூன்று வழியிலும் ஒரே இடம் வந்தால் எண்ணிக்கை சரி.

புரோடினியாவில் இதே இடத்தில் சதுரம் இருக்காது. முதுகின் இருபக்கமும் பிறை அல்லது முக்கோண வடிவில் ஒரு சோடிக் கருந்திட்டு இருக்கும். இத்தகைய திட்டு பல கண்டங்களில் உண்டு என்றாலும், முதல் வயிற்றுக் கண்டத்திலும் எட்டாவதிலும் மற்றவற்றைவிடப் பெரிது. முதல் கண்டத்துத் திட்டு பக்கவாட்டுக் கோட்டையே குறுக்கே அறுத்துவிடும். தூரத்தில் இருந்து பார்த்தால் கழுத்துக்குச் சற்றுப் பின்னால் கருப்புப் பட்டி கட்டியது போல இருக்கும். முதுகின் நெடுக மஞ்சள் கோடும் பளிச்சென்று ஓடும். வளர்ந்த புழுவில் இந்தக் கருப்புப் பட்டியும் மஞ்சள் கோடும் சேர்ந்து இருந்தால், தலையில் எந்த எழுத்து தெரிந்தாலும் அது புரோடினியாதான்.

நிறத்தை அறவே கணக்கில் எடுக்காதீர்கள். இரண்டிலும் பச்சை, பழுப்பு, கருமை எல்லாம் வரும். நெருக்கடியாக வளர்ந்த புழு கருத்துப்போகும்.

அறிகுறி: ஒய் உண்டு, சதுரம் இல்லை, பிறைத் திட்டும் இல்லை

அப்படியானால் இரண்டுமே இல்லை என்ற பக்கம் யோசியுங்கள். விரலால் மெதுவாகத் தடவுங்கள். உப்புத்தாள் போலச் சொரசொரத்தால் பச்சைக் காய்ப்புழு. அதன் தோலில் நுண்முட்கள் உண்டு. படைப்புழு பார்வைக்குச் சொரசொரப்பாகத் தெரியும், தொட்டால் வழவழப்பு. கதிர் பிடித்த பயிரில் இந்தச் சோதனைதான் கைகொடுக்கும், ஏனென்றால் கதிருக்குள் இரண்டும் ஒன்றாகவே கிடைக்கும்.

விரிந்த இலையில் குறுக்கே வரிசையாகச் சிறு துளைகள் இருந்து, குருத்தைப் பிடுங்கினால் வாடிய நடுக்குருத்து எளிதாக வந்தால் தண்டுத் துளைப்பானைத் தேடுங்கள். தண்டைப் பிளந்தால் பழுப்புத் தலையும் உடல் நெடுகப் புள்ளி வரிசையும் உள்ள வெளிர் புழு இருக்கும். வளரும் குருத்தைப் படைப்புழு கடித்துவிட்டாலும் நடுக்குருத்து காயும். அதனால் குருத்துக்குள் பாருங்கள். படைப்புழு இருந்தால் நனைந்த மரத்தூள் போன்ற எச்சம் கொத்தாக அடைந்திருக்கும்.

அறிகுறி: வெளி இலைகள் கிழிந்திருக்கின்றன, பகலில் புழுவே அகப்படவில்லை

குருத்தில் எச்சம் இல்லாமல் வெளி இலை மட்டும் போயிருந்தால், செடியின் அடியில் மண்ணை இரண்டு அங்குலம் கிளறுங்கள். வளர்ந்த புரோடினியா பகலில் சருகுக்கு அடியிலும் மண் வெடிப்பிலும் ஒளிந்து, இருட்டிய பிறகு ஏறும். படைப்புழுவுக்குக் குருத்தே வீடு; தன் எச்சத்தையே கதவாக அடைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கும். பக்கத்துக் காட்டில் நிலக்கடலையோ ஆமணக்கோ அறுவடையாகியிருந்தால் அந்த ஓரத்து வரப்பில் இருந்து தேடத் தொடங்குங்கள்.

அறிகுறி: பொறியில் அந்துப்பூச்சி விழுகிறது, எது என்று தெரியவில்லை

பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி ஆணை இழுக்கும், பொறியில் வைக்கும் கவர்ச்சிப் பொருள்தான் லூர். 'படைப்புழு லூர்தானே வைத்தேன், விழுந்தது படைப்புழுதான்' என்பது சரியான வாதம் இல்லை. லூர் ஓர் அழைப்பிதழ், வருகைப் பதிவேடு இல்லை. படைப்புழு லூரில் மைத்திம்னா லோரேயி என்ற வேறொரு அந்துப்பூச்சி கணிசமாக விழுவது ஆப்பிரிக்காவில் பதிவாகியிருக்கிறது. அது வைக்கோல் நிறத்தில், முன் இறக்கையில் கோலம் எதுவும் இல்லாமல் இருக்கும். அதை முதலில் தனியாக ஒதுக்குங்கள்.

இனக்கவர்ச்சிப் பொறியில் விழுவது ஆண் மட்டும். நமக்கு நல்லது, ஏனென்றால் ஆணில்தான் அடையாளம் தெளிவு. புதிய பூச்சியை உறைபெட்டியில் ஒரு மணி நேரம் வைத்துக் கொன்று, வெள்ளைத் தாளில் முன் இறக்கையை விரித்துப் பாருங்கள். படைப்புழு ஆணின் இறக்கை நுனிக்கு அருகே வெள்ளை முக்கோணத் திட்டு இருக்கும். இறக்கையின் நடுவில் சாய்ந்த, வைக்கோல் நிற நீள்வட்டப் புள்ளி இருக்கும். புரோடினியாவில் இறக்கை முழுக்க வெளிர்கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும். ஆணின் இறக்கை நுனியில் வெள்ளைக்குப் பதில் நீலச் சாம்பல் திட்டு. பின் இறக்கை இரண்டிலும் வெளுப்பு, அதைப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். இறக்கை விரிப்பும் இரண்டுக்கும் கிட்டத்தட்ட 30 முதல் 40 மி.மீ.; அளவுகோலும் உதவாது.

விளக்குப் பொறியில் பெண்ணும் விழும். பெண் படைப்புழு மங்கலான சாம்பல் பழுப்பு. வெள்ளை முக்கோணம் கிடையாது. அங்கே 'முக்கோணம் இல்லை, ஆகவே புரோடினியா' என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. கோடுகள் பின்னிய கோலமும் இருந்தால்தான் புரோடினியா. கோலமும் இல்லை, முக்கோணமும் இல்லை என்றால் 'பிரிக்க இயலவில்லை' என்று எழுதுங்கள்.

அறிகுறி: பூச்சியின் செதில் உதிர்ந்து மொட்டையாகிவிட்டது

பெரும்பாலும் இது பொறியைப் பார்க்கும் இடைவெளியால் வருவது. புனல் பொறியின் பாலித்தீன் பையில் பூச்சிகள் நான்கு நாள் படபடத்தால் மிஞ்சுவது பழுப்புத் தூசிதான். இரண்டு நாளுக்கு ஒருமுறை எடுங்கள். மழை நாளில் பையின் அடியில் ஊசித்துளை போட்டு நீரை வடியுங்கள்.

ஏற்கெனவே மொட்டையானதைப் பிரிக்க இனப்பெருக்க உறுப்பைப் பார்க்க வேண்டும். வயிற்றை மட்டும் பிரித்து, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டு, கொதிநீர்ப் பாத்திரத்தில் வைத்து 15 முதல் 20 நிமிடம் சூடாக்க வேண்டும். தசை கரைந்து ஓடு மட்டும் நிற்கும். கூடுதலாக விட்டால் ஓடே கண்ணாடியாகி ஒன்றும் தெரியாது. கரைசல் கண்ணில் பட்டால் ஆபத்து, கண்ணாடி அணியாமல் தொடாதீர்கள். பிறகு நீரில் கழுவி, தூரிகையால் செதிலைத் தள்ளி, நுனியில் உள்ள இரு பிடிமடல்களை விரித்து நுண்ணோக்கியில் பார்ப்பது. படைப்புழுவில் மடல் அகன்று ஏறக்குறைய செவ்வகமாக இருக்கும். பெயர் தெரிந்த புரோடினியா ஒன்றையும் இதே முறையில் தயாரித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டால்தான் ஒப்பீட்டுக்குப் பொருள் உண்டு.

அறிகுறி: ஒரே பொறியில் இரண்டு இனமும் கலந்து விழுகிறது

லூரில் கலப்படம் என்று கடைக்காரரிடம் போவதற்கு முன் உங்கள் விரல்களைச் சந்தேகியுங்கள். படைப்புழு லூரின் முக்கிய வாசனைப் பொருளும் புரோடினியா லூரின் முக்கிய வாசனைப் பொருளும் வேறு வேறு. ஆனால் மில்லிகிராம் கணக்கில் வேலை செய்பவை. ஒரு லூரைத் தொட்ட கையால் மற்றதைப் பொருத்தினால் இரண்டாவது பொறி இரண்டு மொழியில் பேசும். ஒவ்வொரு இனத்துக்கும் தனிக் கையுறை, தனிச் சாமணம். லூர் உறைகளை உறைபெட்டியில் தனித்தனி டப்பாவில் வையுங்கள். பழைய லூரைப் பொறிக்கு அடியில் வீசாதீர்கள், அதுவும் வாசனை விட்டுக்கொண்டுதான் இருக்கும். இரு வகைப் பொறிகளுக்கும் இடையே 20 முதல் 30 மீட்டராவது விடுங்கள்.

அறிகுறி: மண்ணில் கூட்டுப்புழு மட்டும் கிடைக்கிறது

செம்பழுப்பு, ஒன்றரை சென்டிமீட்டர் சுமார், வால் நுனியில் இரண்டு முள். இரண்டுக்கும் இதே விவரம்தான். ஈரம் லேசாக உள்ள மண்ணை ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு டப்பாவில் போட்டு, அதில் வைத்துத் துணி கட்டுங்கள். கோடையில் எட்டு ஒன்பது நாளில் அந்துப்பூச்சி வரும். உள்ளே ஒரு குச்சியைச் சாய்த்து வையுங்கள்; ஏறி நின்று இறக்கையை விரிக்க இடம் இல்லாவிட்டால் சுருண்ட இறக்கையோடு வந்து, பார்த்த வேலையெல்லாம் போய்விடும்.

பிரித்தறிந்த பிறகு மாறுவது என்ன

எமாமெக்டின் போன்ற மருந்துகள் இரண்டையும் கொல்லும், அப்புறம் எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்கலாம். மருந்தைவிட, அது போய்ச் சேரும் இடம்தான் மாறுகிறது. படைப்புழு என்றால் தெளிப்பான் முனை குருத்துக்குள் இறங்க வேண்டும். இலைமேல் அடித்தது வீண். வளர்ந்த புழுவுக்கு நச்சு உணவு வைப்பதானால் ஏக்கருக்கு 10 கிலோ அரிசித் தவிடும் 2 கிலோ வெல்லமும் 2 முதல் 3 லிட்டர் தண்ணீரில் பிசைந்து, 24 மணி நேரம் புளிக்கவிட்டு, இடுவதற்கு அரை மணி முன்பு 100 கிராம் தையோடிகார்ப் பூச்சிக்கொல்லி கலந்து, கையுறையோடு குருத்தில் போடுவது முறை. புரோடினியாவுக்கும் தவிடு வெல்லக் கலவைதான், ஆனால் மாலையில் தரையில், அது ஒளிந்திருக்கும் செடியடியில் வைப்பார்கள். அங்கே வைத்ததைக் குருத்துக்குள் இருக்கும் படைப்புழு எட்டிக்கூடப் பார்க்காது.

நச்சுயிரி மருந்தான என்பிவியில் இன்னும் கண்டிப்பு. புரோடினியாவுக்கென்று விற்கும் என்பிவி அந்த இனத்துக்கானது. படைப்புழுவுக்கு அதற்குரிய நச்சுயிரிதான் வேண்டும். உறையில் என்பிவி என்ற மூன்றெழுத்தை மட்டும் பார்த்து வாங்கிவிட்டுப் பத்து நாள் காத்திருந்தால், அதற்குள் குருத்து போய்விடும்.

ஆய்வகத்துக்கு அனுப்ப நேர்ந்தால்: உருவம் பார்க்க அனுப்பும் புழுவை ஒரு நிமிடம் கொதிநீரில் போட்டெடுத்து, பிறகு 70 முதல் 80 சதவீத ஆல்கஹாலில் இடுங்கள். நேராகப் போட்டால் கருத்துச் சுருங்கும். டிஎன்ஏ பார்க்க அனுப்புவதைக் கொதிநீரில் காட்டாமல் நேரே 95 சதவீதத்துக்கு மேற்பட்ட ஆல்கஹாலில் போடுங்கள். படைப்புழுவுக்குள்ளேயே நெல் வகை, மக்காச்சோள வகை என்று இரண்டு உண்டு. அவற்றைக் கண்ணால் பிரிக்க எந்த அடையாளமும் கிடையாது, டிஎன்ஏதான். இரண்டு குப்பிக்குள்ளும் பென்சிலால் எழுதிய சீட்டு போடுங்கள்: தேதி, ஊர், பயிர், பயிரின் வயது, புழு எடுத்தது குருத்திலா வெளி இலையிலா மண்ணிலா. பேனாவால் எழுதாதீர்கள், ஆல்கஹாலில் மை கரைந்து சீட்டு வெறுமையாகத்தான் போய்ச் சேரும்.